மஞ்சளிலேயே நின்ற கார்

"மஞ்சள்தானே மாப்பிள்ளை, போயிருக்கலாமே! திருவையாறு போறதுக்குள்ள முகூர்த்தம் முடிஞ்சுடும்" என்று துரைராசு அலுத்துக்கொண்டார். மருமகன் இளஞ்செழியன் பக்கக் கண்ணாடியைப் பார்த்தான்.

அடுத்த சிக்னலிலும் மஞ்சள் விழுந்தது. அங்கேயும் காரை நிறுத்தினான்.

"இப்படிப் பயந்தா எப்படிங்க வண்டி ஓட்டுறது?"

"நான் தாண்டிட்டா, பின்னாடி வர்றவ என்னை விட்டுடக் கூடாதுன்னு சிவப்புலயும் வந்துடுவா மாமா."

துரைராசு திரும்பிப் பார்த்தார். வேனில் போய்விட்டாள் என்று அவர் நினைத்திருந்த மகள் அனுராதா, பட்டுப்புடவையும் ஹெல்மெட்டுமாக, 'எல்' போர்டு ஒட்டிய ஸ்கூட்டரில் கைப்பிடியை இறுகப் பற்றியபடி நின்றாள்.

"சொன்னா விடமாட்டீங்கன்னுதான் சொல்லலை" என்றான் இளஞ்செழியன்.

பச்சை விழுந்தது. பின்னால் ஹாரன்கள் அலறின. துரைராசு ஜன்னலை இறக்கித் தலையை வெளியே நீட்டினார்.

"அவசரமே இல்லம்மா, நீ மெதுவா வா!"