மேனேஜர் மாட்டிய சைலன்சர்

"போனஸ் காசை ஒரு மனுஷன் இப்படியா புகையா விடுவான்!"

ஆபீஸ் ஜன்னலில் தலைகள் முட்டி மோதின. கீழே மேனேஜரின் குட்டிக் கார் வந்து நின்றது. அவர் வாங்கும்போதே மூன்று கை மாறியிருந்த கார். அதன் பின்னால் இப்போது பளபளவென்று ஒரு பெரிய சைலன்சர். பேருதான் சைலன்சர், அது போட்ட சத்தத்தில் மாடியில் அலமாரிக் கண்ணாடி அதிர்ந்தது.

யாருக்கும் வராத வயிற்றெரிச்சல் ரெட்டையப்பாவுக்கு வந்தது. நாலு மாதம் முன்பு வீட்டில் இரட்டைக் குழந்தை பிறந்ததிலிருந்து ஆபீஸில் அவனுக்கு அதுதான் பேர். கார் என்றால் அவனுக்கு உயிர். மேனேஜரும் அவனிடம்தான் யோசனை கேட்டிருந்தார்.

"சார், கொஞ்சக் காசுல காரை நல்லாக்கணும்னா முதல்ல டயரு. அப்புறம் பிரேக்கு. மிச்சம் இருந்தா சீட்டு. பளபளப்புல மட்டும் காசைக் கொட்டிடாதீங்க!"

சொன்னதோடு விடாமல் ஒரு தாளில் எழுதியும் கொடுத்தான். அவரும் பயபக்தியாக மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். வைத்துக்கொண்டு செய்த வேலை இது!

"செவிடன் காதுல ஊதின சங்குதான் அக்கா" என்று பொருமினான்.

"விடுப்பா, நமக்கு நல்லதுதானே?" என்று கண்ணைச் சிமிட்டினாள் கணக்கு எழுதும் அக்கா.

சாதாரண நல்லதா அது?

மேனேஜர் தங்கமான மனுஷர்தான். ஆனால் சட்டமென்றால் சட்டம். வேலை நேரத்தில் யாராவது தூங்குவதைக் கண்ணால் பார்த்துவிட்டால் மெமோ எழுதாமல் விடமாட்டார். ஒருநாள் லேட்டாக வந்ததற்குத் தனக்கே மெமோ எழுதி, தானே கையெழுத்துப் போட்டு வாங்கிக்கொண்டவர். மூன்று மெமோ சேர்ந்தால் வேலை காலி.

ரெட்டையப்பாவிடம் ஏற்கெனவே இரண்டு இருந்தன.

என்ன செய்வான் பாவம்! ராத்திரி ஒன்று தூங்கினால் இன்னொன்று அழும். மத்தியானம் மேனேஜர் வீட்டுக்குச் சாப்பிடப் போனதும் இவன் தலை தானாக மேஜையில் சாய்ந்துவிடும். முன்பெல்லாம் அவர் கார் வந்து நிற்பதே தெரியாது. இரண்டு மெமோவும் அப்படி வாங்கியதுதான்.

இப்போதோ மூன்று தெரு தள்ளித் திரும்பும்போதே 'டமடமடம'! உடனே அக்கா ஸ்கேலால் முதுகில் ஒரு தட்டு.

"எழுந்திரு ராசா, பீரங்கி வருது!"

மேனேஜர் படியேறி வரும்போது ரெட்டையப்பா மும்முரமாக ஃபைல் புரட்டிக்கொண்டிருப்பான். சில நாள் ஃபைல் தலைகீழாக இருக்கும். ஆபீஸே சிரிப்பை அடக்க முடியாமல் பேனாவைக் கடித்துக்கொண்டிருக்கும்.

"பூனைக்கு யாரு மணி கட்டுறதுன்னு தவிச்சோம். பூனையே போனஸ் காசுல மணி வாங்கிக் கட்டிக்கிச்சே!" என்பாள் அக்கா.

"இப்படியும் ஒரு அப்பாவியா!" என்று ரெட்டையப்பா கண்ணில் தண்ணீர் வரச் சிரிப்பான்.

இரண்டு மாதம் ஜோராக ஓடியது. அவன் கன்னத்தில் கொஞ்சம் சதைகூடப் போட்டது.

ஒரு வியாழக்கிழமை மத்தியானம் கார்ச் சத்தமே கேட்கவில்லை. படிக்கட்டில்தான் கேட்டது. மேனேஜருக்கு அன்றைக்கு அப்படியொரு இருமல்! சாவிக்கொத்து வேறு கை நழுவி இரண்டு தடவை கீழே விழுந்தது. ஸ்கேலைத் தேட நேரமில்லாமல் அக்கா கிள்ளியே எழுப்பினாள். மயிரிழையில் தப்பினான்.

"அக்கா, காருக்கு என்ன ஆச்சு?" அவர் தன் அறைக்குள் போனதும் குசுகுசுத்தான்.

"காலையில சர்வீஸுக்கு விட்டிருந்தார். அந்த மெக்கானிக் எதையோ சரி பண்ணித் தொலைச்சிருக்கான்!"

ரெட்டையப்பா விரல்விட்டு எண்ணிப் பார்த்தான். இனிமேல் ஒரு தூக்கம், ஒரு மெமோ, அதோடு கதை முடிந்தது. வீட்டில் நாலு வாய். ஆபீஸ் விட்டதும் விடாததுமாக மெக்கானிக் ஷெட்டுக்கு ஓடினான்.

"அண்ணே, எங்க மேனேஜர் கார்ல இருந்த சைலன்சர் எங்க?"

"கழட்டிட்டேன் தம்பி" என்றார் மெக்கானிக் பெருமையாக. "அந்தச் சத்தத்தோட ஒரு வண்டி என் ஷெட்டை விட்டுப் போனா எனக்குத்தான் மானக்கேடு. சொன்னா சார் விடமாட்டார்னு சொல்லாமலே பழசை மாட்டிட்டேன். புதுசை நான் எடுத்துக்கிட்டு, பதிலுக்கு நல்ல டயரா ரெண்டு போட்டு, பிரேக்கையும் பார்த்துக் குடுத்திருக்கேன். காசுக்குப் பிரயோஜனமா இருக்கணுமில்ல?"

"அய்யய்யோ! அதுதாண்ணே காருக்கே அழகு! டயரு யாருக்கு வேணும்? குனிஞ்சு டயரை யாரு பார்க்கிறாங்க?" சொல்லும்போதே அவனுக்கு நாக்கு கூசியது. ஆனாலும் விடவில்லை. "பிரேக்கெல்லாம் அப்புறம் பார்த்துக்கலாம். உங்களைக் கெஞ்சிக் கேக்கிறேன், அதையே திருப்பி மாட்டிடுங்க!"

மெக்கானிக் அவனை மேலும் கீழும் பார்த்தார்.

"உங்க ஆபீஸ்ல எல்லாருமே இப்படித்தானா? இப்பத்தான் உங்க மேனேஜரும் போன்ல இதையே கெஞ்சினார்."

"அவரா? என்ன சொன்னார்?"

"'எனக்கும் அந்தச் சத்தம் தலைவலிதான்யா. ஆனா மத்தியானம் ஆபீஸ்ல ரெட்டைப் புள்ளைக்காரன் ஒருத்தன் அசந்து தூங்குவான். கண்ணால பார்த்துட்டா நான் எழுதியே ஆகணும். நான் வர்றது அவனுக்கு மூணு தெருவுக்கு முன்னாடியே தெரிஞ்சாகணும்'னாரு!"