எங்கே ஒழுகுகிறது

லியோன் மஸ்கட்டிலிருந்து கூப்பிட்டால் மூன்று நிமிடம்தான் பேசுவான். சாப்பிட்டியா, கதவைப் பூட்டினியா, வச்சிடட்டா. வீட்டுக் கார் சூடாக ஆரம்பித்த அன்றோ மனைவி ஜெசிந்தாவோடு முக்கால் மணி நேரம் வீடியோவில் இருந்தான். “இன்ஜின் ஆறட்டும். அதுவரைக்கும் ரேடியேட்டர் மூடியைத் தொடாத” என்றான். ஆறும்வரை, தன் வேலையிடத்துக் கேன்டீனுக்குத் தினமும் வரும் ஒற்றைக்கண் பூனையைப் பற்றிச் சொன்னான். மறுநாளும் அதே மாதிரி நெடுநேரம் வீடியோவில் இருந்து, ஃபேன் சுற்றுகிறதா என்று பார்த்தார்கள். அதற்கடுத்த நாள் காருக்கு அடியில் அட்டை விரிக்கச் சொன்னான். காலையில் அதில் பச்சை நிறக் கூலன்ட் சொட்டுகள் இருந்தன.

ஐந்தாம் நாள் அவளே குனிந்து ரேடியேட்டர் ஹோஸைத் தடவிப் பார்த்தாள். கிளிப் தளர்ந்திருந்தது. ஸ்க்ரூடிரைவரால் இறுக்கினாள். புது அட்டை விரித்து, இன்ஜினை ஓடவிட்டுக் காத்திருந்தாள். ஒரு சொட்டுகூட விழவில்லை. கை கழுவும்போது அவளுக்கு அழுகை வந்தது.

சாயங்காலம் சொன்ன நேரத்துக்கு லியோன் கூப்பிட்டான். அவனுக்குப் பின்னால் இரண்டடுக்குக் கட்டிலில் யாரோ தூங்கிக்கொண்டிருந்தார்கள்.

“இன்னும் ஒழுகுதா?”

“ஆமாங்க.”

“அட்டையைக் காட்டு.”

வேறு வழி தெரியாமல் போனைக் காருக்கு அடியில் நீட்டினாள். அட்டை காய்ந்து கிடந்தது. அவன் முகத்தைத் திரைக்குக் கிட்டே கொண்டுவந்து அதைப் பார்த்தான்.

“சரி ஜெசி, பானெட்டைத் திற” என்றான். “முதல்லேருந்து பாப்போம்.”