ஆந்தை சோதித்த கண்ணாடி

பூனையின் குட்டிகளுக்குக் கண் திறந்து பத்து நாள்தான் ஆகியிருந்தது. வெயிலுக்குக் கறுப்புக் கண்ணாடி வாங்கலாம் என்று அது குரங்கின் கடைக்குப் போனது. வெளியே அடுக்கியிருந்த எல்லாக் கண்ணாடியிலும் 'பரிசோதிக்கப்பட்டது' என்று ஒரு ஸ்டிக்கர் இருந்தது. பூனைக்கு அதுவே உறுத்தியது. குரங்கு பேசிக்கொண்டே பெட்டிக்குள் கையை விட்டு, மீதிக் கண்ணாடிகளுக்கும் ஸ்டிக்கர் ஒட்டிக்கொண்டிருந்தது.

"எவ்வளவு கறுப்பா இருக்கு பாருங்கக்கா. வேறென்ன வேணும்?" என்றது குரங்கு.

பூனைக்குப் பயமே அந்தக் கறுப்புதான். இருட்டைக் கண்டால் கண்மணி அகலமாகத் திறந்துகொள்ளும் என்று அதற்குத் தெரியும். கண்ணாடி வெறும் கறுப்பாக மட்டும் இருந்து, வெயிலின் கெட்ட கதிரைத் தடுக்காமல் விட்டால், திறந்த கண்ணுக்குள் அத்தனையும் இறங்கிவிடும்.

"யார் சோதிச்சது?" என்று கேட்டது.

"நம்ம ஆந்தை ஐயாதான். போட்டுப் பார்த்துட்டு, கண்ணு கூசவே இல்லைன்னு கையெழுத்துப் போட்டுக் கொடுத்தாரு."

பூனை ஒரு கண்ணாடியை எடுத்துக்கொண்டு நேரே ஆந்தையின் பொந்துக்குப் போனது. உச்சி வெயில். ஆந்தை உள்ளே முதுகைக் காட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தது.

"ஐயா, கொஞ்சம் வெளியே வாங்களேன்."

"இந்த வெயில்லயா? என் கண்ணு போயிடும்மா."

"அதுக்குத்தான் நீங்க பாஸ் பண்ணின கண்ணாடி இருக்கே" என்று பூனை அதை நீட்டியது.

ஆந்தை இன்னும் கொஞ்சம் உள்ளே நகர்ந்துகொண்டது.

"அது விக்கிறதுக்கும்மா" என்றது.