முப்பத்தெட்டாவது சீட்டு

முப்பத்தெட்டுச் சீட்டுகளில் முப்பத்தேழில் 'சென்னியப்பன்' என்று எழுதியிருந்தது. ஒன்றில் மட்டும் 'சடையன்'.

வாத்தியார் தீர்த்தகிரி அந்த ஒன்றைச் சட்டைப் பைக்குள் ஒளிக்கப் பார்த்தார். எங்கே முடிகிறது? பண்ணையக்காரர் மருதாசலம் பக்கத்திலேயே நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார்.

"அது என்னங்க வாத்தியாரே? எடுங்க வெளிய."

விஷயம் இதுதான். போன மாசம் பண்ணையக்காரரின் கிணற்றை ஆழப்படுத்தும்போது, பண்ணையாள் சடையனின் கடப்பாரையில் ஒரு மண்டையோடு தட்டுப்பட்டது. "டேய் கொரங்கே, அங்க என்னடா பராக்குப் பாத்துட்டு நிக்கறே?" என்று மேலிருந்து சத்தம் போட்டவர், பட்டணத்திலிருந்து ஆராய்ச்சித் துரை காரில் வந்து இறங்கியதும், "என்ற கெணத்துல கெடச்சதுங்க" என்று முன்னால் போய் நின்றுகொண்டார்.

"பல லட்சம் வருஷத்துக்கு முந்தியது. மனுஷ குலத்துக்கே மூத்தவர்" என்றார் துரை. மியூசியத்தில் கண்ணாடிப் பெட்டிக்குள் வைப்பார்களாம். என்ன பேர் வைப்பது என்று இந்தப் பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளுக்குப் போட்டியும் வைத்துவிட்டுப் போனார்.

'மூத்தவர்' என்று காதில் விழுந்ததுதான் தாமதம், பண்ணையக்காரர் மேற்கொண்டு எதையும் கேட்கவில்லை. தன் கிணற்றில் கிடைத்த மூத்தவருக்குத் தன் பாட்டன் சென்னியப்பன் பேரைத்தானே வைக்க வேண்டும்? வகுப்புக்கே வந்து உத்தரவு போட்டுவிட்டார்.

"சடையன்னு எழுதுனது ஆரு?"

நாலாம் வகுப்பு உண்ணாமலை எழுந்து நின்றாள். சடையன் மகள்.

"நானுங்க சாமி."

"கொழுப்பா? என்ற பாட்டன் பேரு இருக்க வேண்டிய எடத்துல உங்கொப்பன் பேரா? அழிச்சிட்டு எழுது!"

"மாட்டேனுங்க."

"எழுதிடு புள்ள" என்று வாத்தியார் கெஞ்சினார்.

"மாட்டேனுங்க."

"நாளையிலருந்து உங்கொப்பனுக்கு என்ற காட்டுல வேலை கெடையாது. அப்பவும் மாட்டியா?"

அந்த வேலை போனால் வீட்டில் அடுப்பு எரியாது. உண்ணாமலைக்கும் அது தெரியும். கண்ணில் நீர் முட்டியது. ஆனாலும் பென்சிலைக் கையில் எடுக்கவில்லை.

"உங்க பாட்டன் பேரு வேண்டாமுங்க சாமி."

"ஏன் வேண்டாம்?"

அவள் நேரே சுவருக்குப் போனாள். திருப்பி மாட்டியிருந்த படத்தை முன்பக்கம் திருப்பினாள். துரை கொடுத்த படம். பண்ணையக்காரர் வரும்போதெல்லாம் வாத்தியார்தான் அதைத் திருப்பி வைப்பார். அவருக்கு எல்லாம் தெரியும். சொல்லத்தான் தைரியமில்லை.

உடம்பெல்லாம் மயிர், முழங்காலைத் தொடும் கை, துருத்திய தாடை.

"அந்த மண்டையோட்டுக்காரரு இப்படித்தான் இருந்தாருங்களாம். பாதி மனுசன், பாதி கொரங்குன்னு தொரை சொன்னாருங்க. இதுக்குக் கீழ உங்க பாட்டன் பேரை எழுதி வெச்சா, பாக்கறவங்க எல்லாம் சிரிப்பாங்களே சாமி."

பண்ணையக்காரர் வாத்தியாரைப் பார்த்தார். வாத்தியார் தரையைப் பார்த்தார்.

"அப்பறம் உங்கொப்பன் பேரை மட்டும் எதுக்குப் புள்ள எழுதுனே?" அவர் குரல் இறங்கிவிட்டது.

"அவருக்குப் பழக்கமுங்க சாமி. நீங்க தெனமும் கொரங்குன்னுதானுங்களே கூப்பிடறீங்க."