ஒரே துணியில் இரண்டு சட்டை

அஸர் தொழுகைக்குப் பிந்திய வெயில் கல்முனைத் தையல்கடைக்குள் சரிந்து கிடக்கிறது. போதகர் கை விரித்து நிற்க, முபாறக் அளவெடுக்கிறான். “ஆணோட ஆண் கூடினாக் கொல்லச் சொல்லுது லேவியராகமம். இயேசு வந்த பிறகு கொல்லத் தேவையில்ல, ஆனாப் பாவம் பாவந்தான்,” என்கிறார் போதகர். “எங்களுக்கு லூத் நபிர கூட்டம் இதுக்காக அழிஞ்சதே போதும்,” என்கிறார் வாங்குப் பலகையிலிருக்கும் மௌலவி. “இருநூல் கலந்த துணியும் உங்கட ஆகமத்துல ஆகாதாமே ஐயா? இது பருத்தியும் பொலியெஸ்டரும் கலந்த டெட்ரோன் தானே?” என்கிறான் முபாறக், போதகர் தைக்கக் கொண்டுவந்த துணியைத் தொட்டு. “அது பழைய சட்டம். இப்ப உடுக்கலாம்.” துணிக்கு மன்னிப்புக் கிடைத்துவிடுகிறது. மௌலவி சுவரில் தொங்கும் நீலச் சட்டையைப் பார்க்கிறார். “நீ உடுத்திருக்கிற அதே துணி. ஆர்ர முபாறக்?” “சவூதிக்குப் போன ஜௌபர்ர. பெருநாளைக்கு ஒண்டாத் தச்ச.” “அவன் கலியாணமும் முடிச்சி உடம்பும் வெச்சிருப்பான். வித்திடு.” “ஓம் மௌலவி.” அவர்கள் போனதும் முபாறக் அந்தச் சட்டையைத் தேய்க்கிறான். சூடு பார்ப்பவன்போலக் கொலரைக் கன்னத்தில் வைத்திருந்துவிட்டு, அதே ஆணியில் மாட்டுகிறான்.