பூக்களுக்குப் போர்த்திய பனிக்கட்டி

சூரியன் ஏறிய பிறகும் டெல்மிரா தண்ணீரை நிறுத்தவில்லை.

தோப்பின் அத்தனை பேரிக்காய் மரங்களிலும் நீர்த்தெளிப்பான்கள் சுற்றிக்கொண்டிருந்தன. விழுந்த தண்ணீர் விழுந்த இடத்திலேயே உறைந்தது. ஒவ்வொரு பூவும் பனிக்கட்டிக்குள் இருந்தது.

செத்துப்போன கணவனின் தம்பி ஓஸ்வால்டோ காரைவிட்டு இறங்கி வந்தான்.

"உறைபனிக்குப் பயந்து பூ மேலயே ஐஸைக் கொட்டுறீங்களே அண்ணி! புத்தி பிசகிப்போச்சா?"

"தண்ணி சும்மா உறையாது தம்பி. தன்கிட்ட இருக்கிற சூட்டைப் பூவுக்குக் குடுத்துட்டுத்தான் உறையும். உனக்கு அந்தப் பழக்கம் கிடையாது, புரியாது."

"அதான் வெயில் வந்துடுச்சே. நிறுத்துங்க."

"ஐஸ் உருகும்போது குடுத்த சூட்டைத் திருப்பிக் கேக்கும். இப்ப நிறுத்தினா பூகிட்டருந்து பிடுங்கிக்கும்."

அவன் மோட்டார் அறையை நோக்கி நடந்தான். டெல்மிரா வாசலை மறித்துக்கொண்டு நின்றாள். கையில் களைக்கொத்து இருந்தது. அவள் அதை ஓங்கவில்லை. கீழே போடவும் இல்லை.

ஓஸ்வால்டோ நின்றுவிட்டான்.

அவள் ஒரு கிளையை வளைத்து, உள்ளங்கைச் சூட்டில் பனிக்கட்டியைக் கரைத்து, பூவைப் பிளந்து பார்த்தாள். நடுவில் கறுப்பு விழவில்லை. இளம்பச்சை; உயிர் இருந்தது.

ரியோ நெக்ரோ ஆற்றுப் பக்கமிருந்து உறுமல் கேட்டது. ஓஸ்வால்டோவின் முகம் தெளிந்தது. வேலியைத் தாண்டி புல்டோசர் வந்தது.

முதல் வரிசை மரத்தைக்கூட அது தொடவில்லை. இரவெல்லாம் குடித்து ஊறிய மண் அதை அடிவயிறு வரை விழுங்கிக்கொண்டது. குதித்து இறங்கிய டிரைவர் முழங்கால் வரை புதைந்தான்.

"இந்தச் சேறு காய நாலு நாள் ஆகும், முதலாளி."

ஓஸ்வால்டோ கைக்கடிகாரத்தைப் பார்த்தான். தோப்பு பட்டுப்போய்விட்டது, வெறும் விறகு என்று சொல்லித்தான், அண்ணியின் பங்கையும் சேர்த்து அவன் விற்றிருந்தான். அவள் வழக்குப் போட்டிருந்தாள். நேரில் பார்க்க நாளைக் காலை நீதிபதி வருகிறார். அதற்குள் மரங்களைப் பிடுங்கிவிட வேண்டும்.

டெல்மிரா சுரைக்குடுவையில் மாத்தே இலையைப் போட்டு வெந்நீர் ஊற்றினாள்; கூடியிருப்பவர்கள் ஒரே குடுவையில் முறைவைத்துக் குடிக்கும் தேநீர் அது. முதலில் தான் உறிஞ்சினாள். பிறகு ஊற்றி டிரைவரிடம் நீட்டினாள்.

மூன்றாவதாக, ஓஸ்வால்டோவின் முறைக்கு ஊற்றியதையும் டிரைவரிடமே கொடுத்தாள்.