துண்டுக்குள் ஒரு விரல்

துண்டுக்குள் கையை விட்டாள்.

வணிகரின் கை அங்கே ஏற்கெனவே காத்திருந்தது. ஐந்து விரலிலும் மோதிரம். எது விரல், எது மோதிரம் என்று பிடிபடவே அவளுக்குச் சற்று நேரமாயிற்று.

பொதிமேட்டுச் சந்தையில் விலையை வாயால் சொல்லக் கூடாது. ராஜாவே வந்து கத்தரிக்காய் வாங்கினாலும் துண்டுக்கு அடியில்தான் பேச வேண்டும். வாங்குகிறவர் எத்தனை விரலைப் பிடிக்கிறாரோ அத்தனை மூட்டை நெல். சம்மதம் என்றால் விற்கிறவர் கையை மூடிக்கொள்ள வேண்டும். மூடிவிட்டால் முடிந்தது. அப்புறம் அழுதாலும் புரண்டாலும் மாறாது.

அவளுக்குப் பின்னால் பொடியன் நின்றான்.

பூதம்தான். வாங்கி வந்தபோது கன்றுக்குட்டி உயரம், அதனால் அந்தப் பெயர். இப்போது பனைமர உயரம். பெயரை மாற்ற யாருக்கும் தோன்றவில்லை. விற்பனைக்கு என்று காட்ட அவன் கழுத்தில் வைக்கோல் புரி சுற்றியிருந்தாள். அதற்கே அரை வைக்கோல்போர் ஆயிற்று. வரும் வழியில் அதிலும் கொஞ்சத்தை அவன் தின்றிருந்தான்.

அந்த ஊரில் வசதி இல்லாதவர்கள் மாடு கட்டினார்கள். இருந்தவர்கள் பூதம் கட்டினார்கள். அவளுக்கு வசதி எப்போதும் இருந்ததில்லை. பொடியன் மட்டும் இருந்தான்.

நன்றாக உழுவான். அவள் காய்ச்சலில் கிடந்த மாதம் வாசலை விட்டு அசையவே இல்லை. வைத்தியர் அவன் காலிடுக்கில் குனிந்துதான் உள்ளே வர வேண்டியிருந்தது.

எல்லாம் சரி. போன வாரம் விதைநெல்லைத் தின்றுவிட்டான்.

முதல் மழை விழுந்தாயிற்று. விதை இல்லாமல் நிலத்தை வைத்துக்கொண்டு என்ன செய்வது? அவளுக்குக் கோபம். அவனை விற்க வந்திருப்பதில் அதைவிடக் கோபம்.

பொருளின் குறையை மட்டும் வாய்விட்டுச் சொல்லியாக வேண்டும், அதுவும் சந்தை முறை. துண்டைப் பிடித்திருந்த தரகர் அவளைப் பார்த்தார்.

“வெதநெல்லத் தின்னுட்டான்,” என்றாள். “வேற ஒரு கொறையும் சொல்ல முடியாதுங்க.”

வணிகர் அதைக் காதிலேயே வாங்கவில்லை. அவருடைய விதைநெல் வண்டிகள் இரண்டும் கால்வாய்க் கரைச் சேற்றில் அச்சுவரை இறங்கிக் கிடந்தன. மாடுகள் முயற்சியைக் கைவிட்டுப் படுத்துவிட்டன. மேற்கே வானம் கறுத்துக்கொண்டிருந்தது. இன்னொரு மழை விழுந்தால் விதை மூட்டைக்குள்ளேயே முளைத்துவிடும். அவருக்கு உடனே ஒரு பூதம் வேண்டும்.

இரண்டு விரலைப் பிடித்தார்.

அவள் கையை அசைத்தாள்.

மூன்று.

அவள் அசைத்தாள்.

நான்கு. நான்கு மூட்டை இருந்தால் சமாளித்துவிடலாம்.

கையை மூடப் பார்த்தாள். மூட வரவில்லை. தன் கைதானா என்று அவளுக்கே சந்தேகம் வந்தது. தரகர் தொண்டையைச் செருமினார். வணிகர் வானத்தைப் பார்த்தார்.

துண்டு மெல்லத் தூக்கிக்கொண்டது.

உலக்கை கனத்தில் ஒரு விரல் உள்ளே நுழைந்தது. வணிகரின் மோதிரங்களை ஓரமாகத் தள்ளியது. அவளுடைய ஐந்து விரலையும் சேர்த்து வளைத்துப் பிடித்துக்கொண்டது.

அவள் திரும்பிப் பார்க்கவில்லை. அந்த விரலை அவளுக்குத் தெரியும்.

கையை மூடினாள். எவ்வளவு மூட முடியுமோ அவ்வளவு.

வணிகர் குதித்தார். விற்கிற பொருளே தன்னை விலைக்குக் கேட்கலாமா என்று ஊரைக் கூட்டினார். வெங்காயம் விற்றவர்கள் வெங்காயத்தை விட்டுவிட்டு வந்து நின்றார்கள். தரகர் வெகுநேரம் துண்டையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“துண்டுக்குள்ள வந்தது கை,” என்றார். “யாரு கைன்னு பாக்கறது என் வேலை இல்லீங்க.”

சரி, ஐந்து மூட்டை நெல்லுக்கு இந்தப் பூதம் எங்கே போகும் என்று வணிகர் கேட்டார்.

பொடியன் கால்வாய்ப் பக்கம் பார்த்தான். பிறகு விரலை மறுபடி துண்டுக்குள் விட்டான், இந்த முறை வணிகரின் கைக்காக.

உள்ளே என்ன பேசினார்கள் என்று யாருக்கும் தெரியாது. ஒரு மோதிரம் நசுங்கியதாகப் பின்னால் பேசிக்கொண்டார்கள். வானம் இடித்தது. வணிகர் கையை மூடினார்.

சற்று நேரத்தில் இரண்டு வண்டிகளும் பொடியனின் இரண்டு அக்குளிலும் இடுக்கப்பட்டு மேட்டுக்கு வந்து சேர்ந்தன. பூட்டிய மாடுகள் காற்றில் தொங்கிக்கொண்டே அசைபோட்டன. ஐந்து மூட்டை அவள் காலடியில் இறங்கியது.

வாங்கியவர் கையில் கயிற்றைக் கொடுப்பது வழக்கம். தரகர் ஏணி போட்டு ஏறி, பொடியனின் கழுத்துப் புரியை அவிழ்த்து, பொடியனிடமே கொடுத்தார்.

பொடியன் அதைத் தின்றான்.

இனி அவன் அவளுடையவன் இல்லை. தூக்கு என்று சொல்லவோ வா என்று கூப்பிடவோ அவளுக்கு உரிமை கிடையாது. சந்தை மேட்டுக்குப் பின்னால் காடு இருந்தது. பூதங்கள் அங்கிருந்துதான் வந்தன என்பார்கள்.

அவள் மூட்டைகளைப் பார்த்தாள். அவனைப் பார்த்தாள்.

ஐந்தையும் அப்படியே விட்டுவிட்டு, வெறுங்கையோடு வீட்டுப் பக்கம் நடந்தாள்.

கால்வாய்ப் பாலம் வந்தது. தாண்டினாள். பின்னால் ஒரு சத்தமும் இல்லை. முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டாள்.

வண்டித்தடத்தில் தேங்கியிருந்த மழைத்தண்ணீர் நடுங்கியது. மறுபடி நடுங்கியது.

அவள் நடையைக் குறைக்கவில்லை.

“ஒரு பிடி கொறஞ்சாலும் இன்னிக்குக் கஞ்சி கெடையாது,” என்றாள், முன்னால் பார்த்தபடியே.

தண்ணீர் சட்டென்று அசையாமல் நின்றது.

பின்னால், மூட்டைக்குள் நெல் திரும்ப விழும் சத்தம் கேட்டது.

பிறகு தரை மறுபடி அதிரத் தொடங்கியது.